புது போன் வந்தாச்சு... மக்கள் என்ன சொன்னாங்க?

குட்டீஸ்... உங்கள் வீட்டிற்கு ஒரு புது செல்போன் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் என்ன நடக்கும்?

அக்கா, உடனே ஒரு போட்டோ எடுத்துப் பார்ப்பாள். அப்பா, 'இவ்வளவு விலையா கொடுத்தோம்?' என்று பில்லை இன்னொரு முறை படிப்பார். அம்மா, 'பழைய சார்ஜர் இதுக்குச் சேருமா?' என்று கேட்பார். பாட்டியோ, 'பட்டனே இல்லையேடா... இதுல எப்படி நம்பர் அடிக்கிறது?' என்று, போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

நான்கு பேர், நான்கு விதமான பேச்சு!

இதெல்லாம் வீட்டோடு முடிந்து போகிற பேச்சு என்று தானே நினைக்கிறீர்கள்? அது தான் இல்லை. பல லட்சம் வீடுகளில் இதே பேச்சு எழும்போது, பெரிய பெரிய நிறுவனங்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் செல்போனின் பேட்டரி, சார்ஜர் ஒயர், அதில் தெரியும் தமிழ் எழுத்து என, பல விஷயங்களில், வாங்கியவர்களின் குரலும் கலந்திருக்கிறது.

அந்தக் குரல் எப்போது பலித்தது, எப்போது பலிக்கவில்லை? சில உண்மைக் கதைகளைப் பார்ப்போமா?

சந்தேகப்பட்டார்கள்... பிறகு வாங்கினார்கள்!

செல்போன் பரவுவதற்கு முன்பே, மக்கள் இடுப்பில் மாட்டிக் கொண்டு திரிந்த கருவி ஒன்று உண்டு. அது தான், 'வாக்மேன்!'

1979ம் ஆண்டு, ஜூலை 1ம் தேதி, ஜப்பானில், சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உள்ளே கேசட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக் கொண்டால், நடந்து கொண்டே பாட்டுக் கேட்கலாம். விலை, 33 ஆயிரம் யென்.

இன்று, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அன்றோ, 'பதிவு செய்ய முடியாத டேப் ரிக்கார்டரை யார் வாங்குவர்?' என்று, பலர் சந்தேகப்பட்டனர். அவர்கள் சொன்னது போலவே, முதல் மாதத்தில் விற்றது, சுமார் 3 ஆயிரம் தான். தயாரித்து வைத்திருந்ததோ, 30 ஆயிரம்!

சோனியின் இளம் ஊழியர்கள் என்ன செய்தனர் தெரியுமா? வாக்மேனை மாட்டிக் கொண்டு, டோக்கியோ நகரின் கடை வீதிகளில் நடந்தனர். எதிரே வந்தவர்களிடம் ஹெட்போனைக் கொடுத்து, கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்து விட்டது. ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள், 30 ஆயிரமும் விற்றுத் தீர்ந்தன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் வருத்தப்பட மாட்டாரா என்று, சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா கவலைப்பட்டார். அதனால், இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகளும், பாட்டு ஓடும்போதே இருவரும் பேசிக் கொள்ள ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் வைக்கப்பட்டன.

மக்களோ, தனியாகக் கேட்கவே ஆசைப்பட்டனர். ஆளுக்கு ஒரு வாக்மேன் வாங்கினர். 1981ல் வந்த அடுத்த வாக்மேனில், அந்த ஆரஞ்சுப் பொத்தானைக் காணோம்!

செய்தவர் ஒன்று நினைத்தார். வாங்கியவர் வேறு விதமாகப் பயன்படுத்தினார். கடைசியில், கருவி தான் வாங்கியவர் வழிக்கு வந்தது.

பட்டன் எங்கே?

வாக்மேன் வந்து, 28 ஆண்டுகள் கழித்து, இன்னொரு புதுக் கருவி வந்தது. 2007ம் ஆண்டு, ஜனவரி 9ம் தேதி, அமெரிக்காவில், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், முதல் ஐபோனை மேடையில் காட்டினார். அதில் எண்களுக்கோ, எழுத்துகளுக்கோ தனித்தனிப் பட்டன்கள் இல்லை. எல்லாமே கண்ணாடித் திரையில், விரலால் தொட்டுத் தான் செய்ய வேண்டும்.

உங்கள் பாட்டி கேட்ட அதே கேள்வியை, அன்று பெரிய பெரிய ஆட்களும் கேட்டனர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்த ஸ்டீவ் பால்மர், ஒரு பேட்டியில், ஐபோனின் விலையைச் சொல்லி, வாய்விட்டே சிரித்தார். கீ - போர்டு இல்லாததால், அலுவலக வேலை செய்வோருக்கு இது பிடிக்காது என்றும் சொன்னார்.

இன்னொரு பக்கம், ஜூன் 29ம் தேதி விற்பனை தொடங்கியபோது, அமெரிக்காவில் கடை வாசல்களில் நீண்ட வரிசை! 8 ஜி.பி., போனின் விலை, 599 டாலர். அன்றைய மதிப்பில், சுமார் 24 ஆயிரம் ரூபாய்.

சிரித்தவர் சொன்னது சரியா, வரிசையில் நின்றவர் செய்தது சரியா?

அவசரப்படாதீர்கள். செப்டம்பர் 5ம் தேதி, அதே போனின் விலையை, ஆப்பிள், 399 டாலராகக் குறைத்து விட்டது. பத்து வாரங்கள் கூட ஆகவில்லை. அதற்குள், 200 டாலர் குறைந்து விட்டது! முதல் நாளே வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கோபத்தோடு, ஸ்டீவ் ஜாப்ஸுக்கு நூற்றுக்கணக்கான இ - மெயில்களை அனுப்பினர்.

மறுநாளே, ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முதலில் வாங்கியவர்களிடம் வருத்தம் தெரிவித்ததோடு, ஆப்பிள் கடையில், 100 டாலருக்குப் பொருள் வாங்கிக் கொள்ளலாம் என்றும் அறிவித்தார்.

அந்த முதல் ஐபோனில், ஒரு இடத்தில் இருக்கும் எழுத்தை நகல் எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும், 'காப்பி - பேஸ்ட்' வசதி கூட இல்லை. விதவிதமான, 'ஆப்'களை இறக்கிக் கொள்ளும் கடையும் இல்லை. கேட்டுக் கேட்டு, ஆப் கடை, 2008ம் ஆண்டு ஜூலையிலும், காப்பி - பேஸ்ட், 2009லும் தான் வந்தன.

பார்த்தீர்களா? தொடுதிரையைப் பார்த்துச் சிரித்தவர் ஏமாந்தார். ஆனால், ஓடிப் போய் வாங்கியவரும், அரைகுறைப் பொருளைத் தான், அதிக விலைக்கு வாங்கினார். முதல் நாள் சிரிப்பும் சரி, முதல் நாள் கைத்தட்டலும் சரி... இரண்டையும் அப்படியே நம்பி விடக் கூடாது.

சூடான கதை!

விலையும், வசதியும் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. உயிருக்கே ஆபத்து என்றால்?

செல்போனில் இருப்பது, 'லித்தியம் அயான்' பேட்டரி. அதற்குள், மின்சாரம் சேர்த்து வைக்கும் இரண்டு முனைகள், மெல்லிய தகடுகளாக இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க, நடுவே காகிதத்தை விட மெல்லிய தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பு கிழிந்து, தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு விட்டால், 'ஷார்ட் சர்க்யூட்' ஆகி, பேட்டரி சூடாகும். உள்ளே இருக்கும் திரவமோ, தீப்பிடிக்கக் கூடியது.

2007ம் ஆண்டு, ஆகஸ்ட் 14ம் தேதி, பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மட்சுஷிடா என்ற ஜப்பான் நிறுவனம் செய்து கொடுத்த, 'பி.எல். - 5சி' பேட்டரிகளில், 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், சார்ஜ் போடும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. அவற்றை இலவசமாக மாற்றித் தருவதாகவும் அறிவித்தது.

அப்போது, இந்தியாவில் திரும்பிய பக்கமெல்லாம் நோக்கியா போன் தான். எனவே, பயம் வேகமாகப் பரவியது. சர்வீஸ் சென்டர்களில் கூட்டம் கூடியது. ஆனால், எல்லா பி.எல். - 5சி பேட்டரியிலும் குறை இல்லை. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை, அந்த ஒரு நிறுவனம் தயாரித்தவற்றில் தான் சந்தேகம். உலகம் முழுவதும், சூடானதாக வந்த புகார்கள், சுமார் 100.

உங்கள் பேட்டரி அதில் ஒன்றா என்று கண்டுபிடிப்பது எப்படி? பேட்டரியின் மேல், 26 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறி அச்சிடப்பட்டிருந்தது. அதை நோக்கியாவின் இணையதளத்தில் கொடுத்துப் பார்த்தால், மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்று தெரிந்து விடும். 'ஐயோ வெடிக்கும்' என்று அலறியவரை விட, பேட்டரியைக் கழற்றி அந்தக் குறியைப் படித்துப் பார்த்தவர், நிம்மதியாகத் தூங்கியிருப்பார்!

ஒன்பது ஆண்டுகள் கழித்து, இதை விடப் பெரிய சம்பவம் ஒன்று நடந்தது. தென் கொரியாவின் சாம்சங் நிறுவனம், 2016ம் ஆண்டு, ஆகஸ்ட் 19ம் தேதி, 'கேலக்சி நோட் 7' போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எல்லாரும் பாராட்டினர். ஆனால், சில நாட்களிலேயே, சில போன்கள் தீப்பிடித்ததாக, வாங்கியவர்கள் படத்தோடு புகார் சொல்லத் தொடங்கினர்.

செப்டம்பர் 2ம் தேதி, விற்ற 25 லட்சம் போன்களையும் மாற்றித் தருவதாக சாம்சங் அறிவித்தது. வேறு பேட்டரி போட்ட புதுப் போன்கள் வந்தன. 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள், அவற்றிலும் புகை! அக்டோபர் 5ம் தேதி, அமெரிக்காவில், புறப்படத் தயாராக இருந்த விமானம் ஒன்றில், மாற்றிக் கொடுத்த போன் ஒன்றே புகையத் தொடங்கியது. பயணிகள் எல்லாரும் இறக்கி விடப்பட்டனர். அக்டோபர் 11ம் தேதி, நோட் 7 தயாரிப்பையே சாம்சங் நிறுத்தி விட்டது.

பிறகு, 2 லட்சம் போன்களையும், 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்துப் பார்த்து, 2017 ஜனவரியில், காரணத்தைச் சொன்னது. முதல் பேட்டரியில், மூலையில் இடம் போதாமல் தகடு வளைந்திருந்தது. இரண்டாவது பேட்டரியில், ஒட்டவைத்த இடத்தில் பிசிறு நீட்டிக் கொண்டிருந்தது. இரண்டிலும், நாம் முன்பு பார்த்த அந்த மெல்லிய தடுப்பு தான் பாதிக்கப்பட்டது. அதன்பின், பேட்டரிகளுக்கு எட்டு விதமான சோதனைகளைக் கொண்டு வந்தது சாம்சங்.

'நம் போன் மட்டும் தானே சூடானது. யாரிடம் போய்ச் சொல்வது?' என்று, அந்த முதல் சிலர் சும்மா இருந்திருந்தால், எத்தனை வீடுகளில் விபத்து நடந்திருக்கும்!

அளந்து பார்த்தவர்!

சூடு, புகை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

'என் பழைய ஐபோன் மெதுவாகி விட்டது' என்று பலர் புலம்பி வந்தனர். 'பழசானால் அப்படித் தான்' என்று மற்றவர்கள் சொன்னார்கள். 2017ம் ஆண்டு டிசம்பரில், ஒருவர் புலம்புவதை விட்டு விட்டு, ஒரு காரியம் செய்தார். போனின் வேகத்தை அளக்கும் ஆப் மூலம், தன் போனைச் சோதித்து, எண்ணைக் குறித்துக் கொண்டார். பிறகு, பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றி விட்டு, மறுபடியும் அளந்தார். வேகம் நன்றாக அதிகரித்திருந்தது! இரண்டு எண்களையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்.

அதைப் பார்த்த, வேகம் அளக்கும் ஆப்பைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பூல் என்பவர், ஏராளமான போன்களின் அளவுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். உண்மை வெளியே வந்தது.

பேட்டரி பழசாகும்போது, திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால், அதனால் கொடுக்க முடியாது. போன் சட்டென்று அணைந்து போகும். அப்படி அணையாமல் இருக்க, போனின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை, ஆப்பிள், மென்பொருளில் செய்திருந்தது. காரணம் நியாயமானது தான். ஆனால், அதை வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினாலே போதும் என்பது தெரியாமல், போனையே மாற்றியவர்கள் எத்தனையோ பேர்!

டிசம்பர் 28ம் தேதி, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில், 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை, 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில், பேட்டரி எவ்வளவு நலமாக இருக்கிறது என்பதை, ஐபோனிலேயே பார்க்கும் வசதி வந்தது. 2020ல், இந்த விஷயத்தை வாடிக்கையாளர்களிடம் மறைத்ததற்காக, பிரான்ஸ் நாடு, ஆப்பிளுக்கு, 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதமும் போட்டது.

வெறும் புலம்பலுக்கும், புகாருக்கும் உள்ள வித்தியாசம் இது தான். 'மெதுவா இருக்கு' என்பது புலம்பல். 'முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு' என்பது புகார்!

பக்கத்தில் நிற்பவருக்கும் குரல் உண்டு!

வாங்கியவர் மட்டும் தான் பேச வேண்டுமா? வாங்காதவரும் பேசலாம்.

2013ம் ஆண்டு, கூகுள் நிறுவனம், 'கூகுள் கிளாஸ்' என்ற மூக்குக் கண்ணாடியை, அமெரிக்காவில் குறிப்பிட்ட சிலருக்கு விற்றது. விலை, 1,500 டாலர். கண்ணுக்கு மேலே சிறு திரை. அதன் பக்கத்திலேயே கேமரா. அணிந்தவர், கையை நீட்டாமலே படம் எடுக்கலாம்.

அணிந்தவருக்கு ஜாலி தான். எதிரே நிற்பவருக்கு? 'இவர் என்னைப் படம் எடுக்கிறாரா, இல்லை சும்மா பார்க்கிறாரா?' என்று தெரியாமல், சங்கடப்பட்டனர். சியாட்டில் நகரில் ஓர் உணவு விடுதி, இந்தக் கண்ணாடி வெளியாகி எல்லார் கைக்கும் வரும் முன்பே, 'இதை அணிந்து உள்ளே வரக் கூடாது' என்று சொல்லி விட்டது. 2014ல், அமெரிக்க சினிமா தியேட்டர்களும் தடை போட்டன. 2015 ஜனவரியில், பொதுமக்களுக்கு விற்பதை, கூகுள் நிறுத்தியது. அதன்பின், தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்காக மட்டும், சில ஆண்டுகள் அது விற்கப்பட்டது.

கேமரா கண்ணாடிகள் இப்போது மறுபடியும் வந்திருக்கின்றன. ஆனால், அவற்றில் பலவற்றில், படம் எடுக்கும்போது, முன்பக்கம் சின்ன விளக்கு எரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா... அதற்காகத் தான்!

எல்லாக் குரலும் பலிக்குமா?

பலிக்காது குட்டீஸ்! அதையும் சொல்லி விட வேண்டும்.

ஹெட்போன் மாட்டும் அந்த வட்டத் துளை இருக்கிறதே, அதன் வயது உங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவை விடப் பெரியது. 19ம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில், ஒரு இணைப்பிலிருந்து இன்னொரு இணைப்புக்கு ஒயரை மாற்றிச் செருகப் பயன்பட்ட பெரிய பிளக்கின் வாரிசு தான் அது. 2016 செப்டம்பரில், 'ஐபோன் 7'ல், அந்தத் துளையை ஆப்பிள் எடுத்து விட்டது. போனுக்குள் இடம் மிச்சமாகும் என்று காரணம் சொன்னது.

'கையில் இருக்கும் ஹெட்போனை என்ன செய்வது? குப்பையில் போடுவதா?' என்று மக்கள் கொதித்தனர். எதிர்ப்புத் தெரிவித்த மனுவில், லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். ஆப்பிள் அசையவில்லை. அதே ஆண்டு, தன் போனில் துளை இருப்பதைப் பெருமையாக விளம்பரம் செய்தது கூகுள். அடுத்த ஆண்டு, 2017ல், அதன், 'பிக்சல் 2' போனிலும் துளை இல்லை! 2019ல், சாம்சங்கின், 'நோட் 10' போனிலும் காணோம்.

ஏன் இந்தக் குரல் பலிக்கவில்லை? எதிர்த்தவர்களிலும் பலர், அதே போனைத் தான் வாங்கினர். ஒரு பக்கம் திட்டி, மறுபக்கம் காசு கொடுத்தால், விற்பவர் எதைக் கேட்பார்? விலை குறைந்த போன்களைப் பாருங்கள்... அவற்றில் பலவற்றில் அந்தத் துளை இன்னமும் இருக்கிறது. அங்கே வாங்குபவர்கள், அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குகின்றனர்!

முப்பது சார்ஜர்... ஒரு ஒயர்!

இப்போது, அம்மாவின் கேள்விக்கு வருவோம். 'பழைய சார்ஜர் சேருமா?'

ஒரு காலத்தில், ஒவ்வொரு கம்பெனி போனுக்கும் ஒவ்வொரு விதமான பின். ஐரோப்பாவில் மட்டும், 30க்கும் மேற்பட்ட விதங்களில் சார்ஜர்கள் இருந்தன. பக்கத்து வீட்டில் போய் சார்ஜர் கடன் கேட்டால், 'உங்க பின் சின்னதா, பெரிசா?' என்று தான் முதலில் கேட்பர். போன் மாற்றும்போதெல்லாம், பழைய சார்ஜர் குப்பைக்குப் போனது.

மக்களின் இந்தச் சலிப்பு, ஐரோப்பிய யூனியனின் காதுக்கும் எட்டியது. 2009ல், ஒரே மாதிரி பின் வைக்க, செல்போன் நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒப்புக் கொண்டன. அதன்பின், சார்ஜர்களின் விதங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், ஒன்றாகி விடவில்லை. சட்டம் போட்டால், புதுக் கண்டுபிடிப்புகள் தடைபடும் என்று, ஆப்பிள் எதிர்த்தது. பேச்சு, ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கடைசியில், 2022ம் ஆண்டு, அக்டோபர் 4ம் தேதி, ஐரோப்பிய பார்லிமென்டில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு, 602, எதிர்ப்பு, 13! 2024 டிசம்பர் 28ம் தேதி முதல், அங்கு விற்கும் புது செல்போன்களில், 'யு.எஸ்.பி., டைப் - சி' துளை தான் இருக்க வேண்டும் என்றானது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், 'ஐபோன் 15'ல், ஆப்பிளும் அதற்கு மாறி விட்டது.

சட்டம் போட்டது ஐரோப்பாவில். ஆனால், ஒரு கண்டத்திற்கு ஒரு பின் என்று தயாரிப்பது கஷ்டம். எனவே, நம் ஊர்க் கடைகளுக்கு வரும் ஐபோனிலும் அதே துளை தான். அக்காவின் ஒயரில், அப்பாவின் போனுக்கும் இன்று சார்ஜ் போட முடிகிறதா? அதற்கு, 15 ஆண்டுப் பேச்சு தேவைப்பட்டிருக்கிறது!

தமிழ் எங்கே?

இன்னொரு குரலும் உண்டு. அது, நம்முடைய குரல்!

'அம்மா, நான் நாளைக்கு வரேன்' என்று செய்தி அனுப்ப, அந்நாளில் நம்மவர்கள், ஆங்கில எழுத்தில் தான் தமிழை எழுத வேண்டியிருந்தது. தமிழில் வந்த செய்தியைத் திறந்தால், பல போன்களில், எழுத்துக்குப் பதில், வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

'போனில் தமிழ் இல்லையே' என்று குறை சொன்னவர்கள் ஏராளம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், குறை சொல்வதோடு நிற்கவில்லை. செல்போனில் தமிழிலேயே எழுதி அனுப்ப, 'செல்லினம்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 2005ம் ஆண்டு, பொங்கலின்போது, சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலி, அதை வெளியிட்டது. 2013ல், ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தபோது, அவர் உருவாக்கிய, 'அஞ்சல்' விசை முறையும் அதில் இடம் பெற்றது.

இல்லையே என்று கேட்பது முதல் படி. முடிந்தால், நாமே செய்து காட்டுவது அடுத்த படி!

நீங்கள் என்ன செய்யலாம்?

'நாங்கள் சின்னப் பிள்ளைகள். எங்கள் பேச்சை யார் கேட்பர்?' என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஒரு கருவி வாங்கும்போது, நீங்கள் செய்யக் கூடியவை நிறைய இருக்கின்றன.

* புதுப் பொருள் வெளியான முதல் நாளே வாங்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். சில வாரங்கள் பொறுத்தால், அதில் உள்ள குறையும் தெரியும். சில நேரம் விலையும் குறையும்.

* பில்லையும், வாரன்டி அட்டையையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். இந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

* கருவி தகராறு செய்தால், ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்தபோது, என்ன ஆனது? நான்கே கேள்விகள் தான். அந்தக் குறிப்போடு சர்வீஸ் சென்டருக்குப் போனால், 'அப்படியெல்லாம் ஆகாதே' என்று யாரும் எளிதில் சொல்லி விட முடியாது.

* பேட்டரி உப்பினாலோ, தொட முடியாமல் சுட்டாலோ, உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதை அழுத்தவோ, குத்தவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடவே கூடாது.

* 'அந்த போன் வெடிக்குமாம்... பத்து பேருக்கு அனுப்பு' என்று செய்தி வந்தால், அனுப்பாதீர்கள். கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது, எந்த மாடல், எந்தத் தேதியில் செய்தது என்று, பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள்.

* கடையும், கம்பெனியும் கேட்கவில்லை என்றால், வீட்டுப் பெரியவர்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20ம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருந்தால், கேட்பது சண்டை அல்ல, உரிமை!

கடைசியாக ஒன்று...

'பட்டனே இல்லையேடா' என்று கேட்டாரே பாட்டி, அவரைப் பார்த்துச் சிரித்து விடாதீர்கள். அவர் கேட்டது, நியாயமான கேள்வி. போனின், 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய், எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அடிக்கடி பேசுபவர்களின் எண்களை, முதல் திரையிலேயே, படத்தோடு வைத்துக் கொடுங்கள். பாட்டி பேச, போனே தமிழில் எழுதிக் கொள்ளும் வசதியைக் காட்டுங்கள்.

அதன்பிறகும், 'இது எனக்குச் சரிப்படல' என்று பாட்டி சொன்னால், என்ன சரிப்படவில்லை என்று கேட்டு, அதையும் உங்கள் நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் தானே, புதுப் போனை உருவாக்கப் போகிறீர்கள்... அப்போது, அந்தக் குறிப்பு கண்டிப்பாக உதவும்!